புலிக்குழியில் விழுந்தவன்

1854இல் சிங்கப்பூரில் வந்திறங்கிய இயற்கையறிஞர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், புக்கிட் தீமாவில் பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவரோடு தங்கி வண்டும் பூச்சியும் சேகரித்தார். சுற்றுவட்டாரத்தில் புலி நடமாட்டம் இருந்தது. புலியைப் பற்றிய பயத்தோடு இன்னொரு பயமும் அவருக்கு இருந்தது: புலிக்காக வெட்டிய குழி. குச்சியும் தழையும் பரப்பி மூடிய அந்தக் குழிகள் கண்ணுக்கே தெரியாதபடி மறைந்திருந்தன, பலமுறை விழத் தெரிந்து தப்பினேன் என்று பிறகு எழுதினார். ஆழம் 15 முதல் 20 அடி. முன்பெல்லாம் குழியின் அடியில் கூரான கழி ஒன்றை நட்டு வைப்பார்களாம். வழிப்போக்கன் ஒருவன் அதன்மேல் விழுந்து செத்துப்போன பிறகுதான் கழி நடுவதைத் தடை செய்தார்கள்.

செத்தவனைப் பற்றி அவ்வளவுதான் இருக்கிறது. பெயர் இல்லை, ஊர் இல்லை, வயது இல்லை. ஆனால் 1840, 50களில் புக்கிட் தீமாவைத் தாண்டி ஒற்றையடிப் பாதையில் நடந்தவர்களில் பெரும்பாலோர் யார் என்பது தெரிந்ததுதான். தென் சீனத்தின் தியோச்சூ வட்டாரத்திலிருந்து கப்பலேறி வந்து, காம்பியரும் மிளகும் பயிரிட்ட இளம் ஆண்கள். அவர்களுடைய சாவு என்றாலே இன்று எல்லாரும் புலிக்கதை சொல்கிறார்கள். புலி அந்தக் கதையில் கடைசியாக வருகிற பாத்திரம். ஓர் அடுப்பும் அதற்குத் தேவைப்பட்ட விறகும், ஒரு கடன் கணக்கும் அதற்கு முன்பே ஆளைப் புலியின் வழியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டன. அது எப்படி நடந்தது என்று பார்க்க, தோட்டத்துக்குள் நுழையவேண்டும்.

வெற்றிலை போடுகிறவர்களுக்குக் காம்பியரின் சுவை தெரிந்திருக்கும். நம் ஊர்க் காசுக்கட்டி கருங்காலி மரத்தின் வைரத்தைக் காய்ச்சி எடுப்பது. காம்பியர் அதே துவர்ப்பை ஒரு படர்செடியின் இலையிலிருந்து எடுப்பது. பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் 1819இல் வருவதற்கு முன்பே தீவில் ஏறத்தாழ 20 காம்பியர்த் தோட்டங்கள் இருந்தன. 1830களில் பிரிட்டனின் தோல் பதனிடும் தொழிலும் சாயத் தொழிலும் இதை வாங்கத் தொடங்கியதும் விலை ஏறியது, தோட்டம் பெருகியது. வணிகர் சியா இயு சின் 1835இலிருந்து ரிவர் வேலி சாலைப் பக்கம் தொடங்கி புக்கிட் தீமா, தாம்சன் சாலை வரை காம்பியர் நட்டார். 1840களின் பிற்பகுதியில் தீவெங்கும் சுமார் 600 தோட்டங்கள். இன்று நாம் எம்ஆர்டி ரயிலில் கடந்துபோகும் சுவா சூ காங், இயோ சூ காங் எல்லாம் அப்படி ஆற்றோரத்தில் உண்டான தோட்டக் குடியிருப்புகள்தான்.

வேலையின் ஒழுங்கு இது. நாற்று நட்டு ஒன்று, ஒன்றரை ஆண்டில் முதல் இலை ஒடிக்கலாம். அதன்பின் ஆண்டுக்கு மூன்று, நான்கு தடவை ஒரே செடியில் ஒடிக்கலாம். பாத்தி பாத்தியாகச் சுற்றிவந்தால், தோட்டத்தில் ஒடிக்க இலை இல்லாத நாளே இருக்காது. ஒடித்த இலையைப் போட்டுவைக்க முடியாது, பச்சையாகவே கொதிக்கவேண்டும். அதனால் இலை ஒடிப்பது விடியலில், காய்ச்சுவது அதற்குப் பிறகு, ஒவ்வொரு நாளும்.

காய்ச்சும் கொட்டகையைப் பங்சால் என்பார்கள். மண்ணால் கட்டிய அடுப்பின்மேல் அகன்ற இரும்புக் குவாலி, அதாவது கொப்பரை. அதன் விளிம்பைச் சுற்றி மரப்பட்டையால் சுவர் எழுப்பிக் களிமண் பூசியிருப்பார்கள், கொள்ளளவு கூடுவதற்காக. இலையும் இளங்குச்சியும் சில மணி நேரம் வேகும். பிறகு மரக்கவையால் வாரியெடுத்துச் சரிவாக வைத்த தொட்டியில் போட, சாறு வடிந்து மறுபடி குவாலிக்கே திரும்பும். அதே இலையை இன்னொரு தடவையும் வேகவைப்பார்கள். சாறு பாகுபோல இறுகியதும் வாளிகளில் ஊற்றி, மென்மையான மரக்கட்டை ஒன்றைச் சாய்வாக உள்ளே விட்டு மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். கட்டையைச் சுற்றிப் பாகு வெளுத்துத் திரண்டு உறையும். உறைந்ததை அங்குல அளவுச் சதுரங்களாக வெட்டி மூங்கில் தட்டில் காயவைத்தால் சரக்கு தயார். வெந்த இலைச் சக்கை மிளகுக் கொடியின் அடிக்கு எருவாகப் போகும். பத்துப் பங்கு நிலத்தில் காம்பியர் போட்டால் ஒரு பங்கு மிளகு என்பது வழக்கமான விகிதம். மிளகு காசு தரும், காம்பியர் மிளகுக்குச் சோறு போடும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு, மறுக்க முடியாது.

அந்தக் கொட்டகையில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று கேட்டால், முதலில் அந்தப் பட்டைச் சுவரைத்தான் காட்டவேண்டும். இரும்பு குவாலியோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே கொதிசாற்றைத் தாங்கி நிற்பது களிமண் பூசிய மரப்பட்டை. ஈரத்திலும் சூட்டிலும் மாறி மாறிக் கிடக்கும் களிமண் வெடிக்கும், பட்டை விலகும். நனைந்த இலையைக் கவையில் தூக்கும்போது அதன் எடை முழுக்கக் கவையின் நுனியில் இருக்கும். தூக்குகிறவன் நிற்பதோ சாறு சிந்தி வழுக்கும் மண்தரையில். பாகு தண்ணீர் மாதிரி வழிந்து ஓடாது, தோலோடு ஒட்டிக்கொள்ளும். பாதி உடம்பு வெந்தவனை அன்றைய நிலையில் நகரத்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

குவாலிக்கு விறகு வேண்டும். கொஞ்சநஞ்சமல்ல: பயிர் செய்த நிலம் எவ்வளவோ அவ்வளவு காடு விறகுக்கென்று பக்கத்தில் இருந்தால்தான் தோட்டம் நடக்கும் என்பது அன்றைய கணக்கு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். காம்பியர்த் தோட்டம் ஒருபோதும் காட்டை விட்டு விலகியிருக்க முடியாது. காடு தேய்ந்துபோனால் தோட்டமும் இடம் பெயரவேண்டும். ஆகவே ஒவ்வொரு தோட்டமும் காட்டின் விளிம்பிலேயே பிறந்து, விளிம்பிலேயே செத்தது.

மரம் வெட்டும்போது நேரும் சாவு செய்திகளில் அதிகம் வராது, ஆனால் அந்த வேலையைத் தெரிந்தவர்கள் அதற்குத்தான் முதலில் பயப்படுவார்கள். நம் மழைக்காட்டு மரங்களுக்குப் பலகைவேர் ஆளுயரத்துக்கு மேல் எழும்பி நிற்கும். அதை வெட்டி மாளாது என்பதால், வேருக்கு மேலே கம்பு கட்டிப் பரண் போட்டு, அதில் நின்று கோடரி போடுவார்கள். மரம் அசையும்போது பரணிலிருந்து குதித்து ஓட ஒன்றிரண்டு நொடிதான். உச்சியில் கொடிகள் பக்கத்து மரங்களோடு பின்னிக் கிடப்பதால் மரம் வெட்டுவாய்ப் பக்கம் சாயாமல் திருகிக்கொண்டு விழும். அல்லது கொடி இழுத்துப் பக்கத்து மரத்தின் காய்ந்த கிளையைத் தலைமேல் போடும். சரிவான நிலத்தில் இன்னொரு முறை உண்டு: கீழே உள்ள மரங்களை அரைகுறையாக வெட்டி விட்டுவிட்டு, மேலே ஒரு பெருமரத்தை முழுதாக வெட்டித் தள்ளினால் அது மற்றவற்றை வரிசையாகச் சாய்த்துக்கொண்டு போகும். உழைப்பு மிச்சம். அரைவெட்டு மரங்களுக்கு நடுவே நிற்கும்போது காற்று எழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. வயல்காட்டிலிருந்து நேராக வந்த பையனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை.

வந்தவன் பெரும்பாலும் சிங்கே, அதாவது புதிதாய் வந்த ஆள். கப்பல் கூலியைக் கடனாக வாங்கிக்கொண்டு வந்தவன். அந்தக் கடனைக் கட்டிய தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், அது தீரும்வரை உழைக்கவேண்டும். பிடிக்கவில்லை, பயமாக இருக்கிறது என்று எழுந்து போய்விட முடியாது. அரிசியும் அபினும் தோட்டத்துக் கணக்கிலேயே ஏறும். பழக்கமில்லாதவன்தான் அதிகம் கட்டுண்டவன். இந்த ஒரு காரணத்தாலேயே, செத்தவர்களில் இளைஞர்கள் மிகுதி என்று சொன்னால் அதில் வியப்பு இல்லை.

இனி புலி. 1831இலேயே உள்ளூர்ப் பத்திரிகையில் புலிச் செய்தி வந்துவிட்டது. தோட்டங்கள் தீவின் உட்பகுதிக்குப் பரவப் பரவச் செய்தியும் பெருகியது. தீவையும் மலாய் நிலப்பகுதியையும் பிரிக்கும் ஜொகூர் நீரிணையைப் புலி நீந்தியே கடக்கும். இன்று கடற்பாலம் நிற்கும் இடத்தில் அகலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான், புலிக்கு அது பெரிய தூரமில்லை. காட்டை வெட்டி, மண் சத்திழந்து சலித்ததும் விட்டுவிட்டுப் போன இடத்தில் லாலாங் புல்லும் புதரும் மண்டின. அங்கே காட்டுப்பன்றி பெருகும். பன்றி இருக்கும் இடத்துக்குப் புலி வரும். அந்தப் புதருக்கும் நடப்பிலுள்ள தோட்டத்துக்கும் இடையில் வேலியும் கிடையாது, ஊரும் கிடையாது.

புலி பின்னாலிருந்து வரும் விலங்கு. பதுங்கி நெருங்கிப் பிடரியைக் கவ்வும். நிமிர்ந்து நடக்கும் மனிதனின் உருவம் அதற்குப் பழகிய இரையின் உருவம் அல்ல. குனிந்தோ குந்தியோ இருப்பவன் அப்படியில்லை, பிடரி புலியின் தலைமட்டத்துக்கு வந்துவிடுகிறது. காம்பியர் ஒடிப்பது குனிந்து செய்யும் வேலை. செடி அடர்ந்து வளர்ந்திருக்கும், பக்கத்துப் பாத்தியில் இருப்பவனைக்கூடக் காணமுடியாது. நேரம் விடியல்; இரவு வேட்டை கிடைக்காத புலி இன்னும் படுக்கப் போகாத நேரம். மிளகுக்கொடி அப்படியல்ல. கம்பத்தில் ஏறி நிற்கும், ஆளும் நின்றுகொண்டு பறிப்பான், வரிசைக்கு நடுவில் தரை சுத்தமாக இருக்கும், இடமும் பங்சாலை ஒட்டியே இருக்கும். அன்றைய குறிப்புகள் புலிச்சாவைக் காம்பியர்த் தோட்டத்தோடு சேர்த்தே சொல்வதன் காரணம் இந்தக் கிடப்பில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

ஆளைக் காணோம் என்பது தெரியவரவே நேரம் பிடிக்கும். இலை சுமந்து திரும்பவேண்டியவன் திரும்பவில்லை. கூட்டமாகப் போய்ச் சேகண்டி அடித்து, கூச்சல் போட்டுத் தேடுவார்கள். இரையை மறைவிடத்துக்கு இழுத்துப்போய்த் தின்பது புலியின் வழக்கம் என்பதால், கிடைப்பது பெரும்பாலும் மிச்சம்தான்.

எத்தனை பேர் இப்படிச் செத்தார்கள்? சராசரியாக நாளுக்கு ஒரு சீனர் என்று வாலஸ் எழுதினார். ஆண்டுக்கு 200, 300 என்ற பேச்சும் அந்தக் காலத்தில் உண்டு. இந்த எண்களைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். 1848இல் சியா இயு சின் எழுதிய கணக்கில் காம்பியர், மிளகு வேளாண்மையில் இருந்தவர்கள் சுமார் 10,000 பேர். நாளுக்கு ஒருவர் என்றால் ஆண்டுக்கு நூற்றில் மூன்று, நான்கு பேர். பத்துப்பேர் வேலை செய்யும் ஒரு பங்சாலில் மூன்று ஆண்டுக்குள் ஒருவனைப் புலி கொண்டுபோயிருக்கும். 200 என்றால் ஐந்து ஆண்டுக்கு ஒருவன். இரண்டாவது எண் நம்பக்கூடியதாகத் தெரிகிறது. முதலாவது பேச்சுவாக்கில் ஊதிப் பெருத்தது என்றே நினைக்கிறேன். எப்படியிருந்தாலும் காவல்துறைக்குப் போன எண்ணிக்கை இவற்றுக்கெல்லாம் பக்கத்திலேயே வராது. தோட்டக்காரர்கள் மறைத்தார்கள். புலி அடித்தது என்ற செய்தி பரவினால் இருக்கும் ஆள் ஓடிவிடுவான், புது ஆள் வரமாட்டான். அறிவித்தால் விசாரணை என்று ஒரு நாள், இரண்டு நாள் அடுப்பு அணையும். மறைப்பதற்கு வசதியும் இருந்தது: செத்தவனைத் தேடிவர ஆள் இல்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமும் கொங்குப் பகுதியிலும் புலிகுத்திக் கற்கள் இன்றும் நிற்கின்றன. மாட்டுப்பட்டிக்குள் புகுந்த புலியை எதிர்த்துச் செத்தவனைக் கல்லில் செதுக்கி, ஒரு கையில் வாளோ ஈட்டியோ கொடுத்து, எதிரே பாயும் புலியையும் காட்டியிருப்பார்கள். வழிபாடும் உண்டு. அப்படி ஒரு கல் நிற்க ஊர் வேண்டும், மாடு வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறை பொங்கல் வைக்க வாரிசு வேண்டும். பங்சாலில் இருந்தது பெண்டுபிள்ளை இல்லாத பத்து ஆண்கள். மண் சலித்தால் பதினைந்து இருபது ஆண்டில் அந்தக் கொட்டகையே இருக்காது.

அரசு செய்தது, தலைக்கு விலை வைத்தது. கொன்ற புலிக்கு 20 டாலரில் தொடங்கிய பரிசு பின்னர் 100 டாலர் வரை உயர்ந்தது. கூலியாளுக்கு அது கனவிலும் காணாத தொகை. துப்பாக்கிக்காரனுக்கு இரவெல்லாம் காத்திருக்கவேண்டும், குறி தப்பினால் உயிர் போகும். குழிக்கு மண்வெட்டியும் நாலு நாள் உழைப்பும் போதும். அதனால் தீவெங்கும் குழி பரவியது.

குழியின் வடிவம்தான் அதன் சூட்சுமம். வாய் குறுகி வயிறு பெருத்த குதிர்போல, மேலே சின்னதாகவும் அடியில் அகலமாகவும் தோண்டுவார்கள். நேர்ச்சுவராக இருந்தால் புலி நகத்தைப் பதித்து ஏறிவிடும். உள்நோக்கிச் சாயும் சுவரில் நகத்துக்குப் பிடி கிடைக்காது. வாய் சின்னதாக இருப்பதால் மூடுவதும் எளிது. மெல்லிய குச்சிகளைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து, தழை போட்டு, தோண்டிய மண்ணைத் தொலைவில் கொண்டுபோய்க் கொட்டவேண்டும். புதுமண் குவியல் பக்கத்தில் கிடந்தால் இடம் காட்டிக் கொடுத்துவிடும். இடமும் சும்மா தேர்வதில்லை. புலியும் நம்மைப் போலத்தான், முள்ளும் புதரும் உள்ள இடத்தை விட்டு ஏற்கெனவே தேய்ந்த தடத்தில் நடக்க விரும்பும். ஆகவே குழி வெட்டத் தோதான இடம் தடத்தின்மேல், அல்லது தடத்தை ஒட்டி. அதே தடத்தில்தான் விடியலில் கூடையோடு ஆளும் நடக்கிறான்.

இங்கேதான் கோளாறு. குழி எவ்வளவு நன்றாக மறைந்திருக்கிறதோ அவ்வளவு நல்ல குழி. அதே அளவுக்கு மனிதனுக்கும் ஆபத்து. வெட்டியவனுக்கு இடம் தெரியும், அவனோடு தங்கியிருப்பவர்களுக்குத் தெரியும். அடுத்த தோட்டத்துக்காரனுக்கு, நேற்று வந்த சிங்கேக்கு, சரக்கு சுமந்து நகரத்துக்குப் போகிறவனுக்கு எப்படித் தெரியும்? தோட்டத்தைக் கைவிட்டுப் போகும்போது குழியைத் தூர்த்துவிட்டுப் போக யாருக்குப் பொழுது? மூடிய தழை மக்கி, மேலே புல் முளைத்து, பார்வைக்குத் தரையாகவே ஆகிவிடும். தோளில் காவடிச் சுமையோடு வருகிறவனின் எடை எல்லாம் முன்னங்காலில் இறங்குகிறது. குச்சி முறிந்தால் பின்வாங்க வழியில்லை, சுமையே அவனைக் கீழே தள்ளும்.

கழி நட்ட காலத்தில் விழுந்தவன் அங்கேயே முடிந்தான். கழியைத் தடுத்த பிறகும் குழி கொல்வதை நிறுத்திவிட்டது என்று சொல்லிவிட முடியாது. இருபதடி விழுந்தால் காலோ இடுப்போ முறியும். ஏற முடியாத சுவர், வாலஸே சொல்வதுபோல, இன்னொருவர் உதவியில்லாமல் வெளியே வர வழி ஏறத்தாழ இல்லை. கத்தினால் குறுகிய வாய் வழியே சத்தம் மேலே போகும், பக்கவாட்டில் பரவாது. நவம்பர், டிசம்பர் வடகிழக்குப் பருவமழையில் குழியில் தண்ணீர் நிற்கும். ஒரு சட்டத்தால் நீக்க முடிந்தது அந்தக் கழியை மட்டும்தான்.

இந்தக் கதையில் நம் ஆட்களுக்கும் பங்கு உண்டு. 1825 முதல் இங்கே கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகளில் சென்னை மாகாணத்தார் பலர். காட்டுக்குள் சாலை போட்டது அவர்கள் உழைப்பு. 1835இல் காட்டுக்குள் கைதிகளோடு சாலைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்த கட்டடக் கலைஞர் கோல்மன் மீது புலி பாய்ந்தது. அளவைக் கருவி உடைந்தது, ஆளுக்குச் சேதமில்லை. இதை ஜெர்மானிய ஓவியர் ஹைன்ரிஷ் லாய்ட்டமான் பின்னாளில் கற்பனையாக வரைந்த மரச்செதுக்குப் படம் இன்றும் பள்ளிப் புத்தகம்வரை வந்து நிற்கிறது. படத்தில் கைதிகள் சிதறி ஓடுகிறார்கள். பிற்பாடு அதே கைதிகளில் பொறுக்கியெடுத்தவர்களிடம் துப்பாக்கி கொடுத்து, சிறு சிறு குழுவாகப் புலிவேட்டைக்கும் அனுப்பினார்கள். விலங்கு போட்ட கைக்கே துப்பாக்கி கொடுத்த வேடிக்கையை, கைதிகளுக்குப் பொறுப்பாக இருந்த மேஜர் மெக்நேர் கொஞ்சம் பெருமையோடுதான் பதிவு செய்திருக்கிறார்.

புலியை ஒழித்தது வேட்டையும் குழியும் மட்டுமல்ல, அதைவிடப் பெரிய வேலையைக் குவாலி செய்தது. 1883இல் தாவரத் தோட்டக் கண்காணிப்பாளர் நதானியல் கான்ட்லி காடுகளைப் பற்றி அறிக்கை கொடுத்தபோது தீவின் காட்டில் எஞ்சியிருந்தது நூற்றுக்கு ஏழு பங்கு அளவே. விறகு தீர்ந்தது, மண் சலித்தது. ஜொகூரில் அதன் ஆட்சியாளர் தெமெங்கோங் இப்ராஹிம் 1844 முதல் ஆற்றங்கரைகளுக்கு உரிமைச் சீட்டு கொடுத்துவந்தார். தோட்டக்காரர்கள் குவாலியை எடுத்துக்கொண்டு நீரிணையைத் தாண்டினார்கள். அங்கே புதுக் காடு, புது விளிம்பு, பழைய வேலை. சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப்புலி 1930 அக்டோபரில் சுவா சூ காங்கில் சுடப்பட்டது. அதற்குள் தீவில் காம்பியர் ஒரு பயிராகவே இல்லை.

தேடிப் படிக்க விரும்புகிறவர்களுக்கு: தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கச் செய்தித்தாள் தொகுப்பில் 1820களின் பிற்பகுதி முதல் ஆங்கில இதழ்கள் கிடைக்கின்றன, வீட்டிலிருந்தே பார்க்கலாம். புலி என்று மட்டும் போட்டுத் தேடினால் பாதிதான் அகப்படும். காம்பியர் என்ற பெயரையே அன்று மூன்று நான்கு விதமாக எழுதினார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே போடவேண்டும். குழி, மரம் முறிந்து விழுதல், தீக்காயம், மரண விசாரணை என்பவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செய்தி இரண்டு மூன்று வரிதான் இருக்கும். ஆளின் பெயருக்குப் பதில் பெரும்பாலும் 'ஒரு சீனர்' என்று இருக்கும், இடத்துக்குச் சாலையும் மைலும் இருக்கும். மைல் கணக்கு நகரத்திலிருந்து தொடங்குவது. பழையவர்கள் ஏழாங்கட்டை என்று சொல்லும் இடம் இன்றைய பியூட்டி வேர்ல்டு நிலையத்துப் பக்கம். பழைய வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு மைலைக் குறித்துப் பார்த்தால், அநேகமாக ஓர் ஆற்றின் தலைப்பிலோ மலையடிவாரத்திலோ போய் விழும்.